எட்டாம் படி

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எதை விட்டாலும் நிலத்தடித் தொட்டியை விட மாட்டார்கள். ஒரு காலத்தில் ஊர் முழுவதற்கும் தண்ணீர் கொடுத்த தொட்டி அது. கடைத்தெரு நடுவில் ஓர் இரும்புக் கதவு இருக்கும். திறந்தால் கீழே இறங்கும் இருபத்திரண்டு கல்படிகள், அடியில் வரிசையாகத் தூண்கள். பதினோரு வருடம் அந்தக் கதவுக்கு எதிரே சுற்றுலாப் பேருந்தை நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறேன். நான் உள்ளே இறங்கியது ஒரே ஒரு தடவைதான். அது போதும் இந்த ஜென்மத்துக்கு.

அந்தப் பதினோரு வருடமும் என் பேருந்தில் வழிகாட்டியாக வந்தவளை ஊரே குடைக்காரி என்று சொல்லும். என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் எனக்கு அக்கா. கூட்டத்துக்கு அடையாளமாக ஒரு மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். மழை கொட்டினாலும் அதை விரிக்க மாட்டாள். விரித்தால் நூறு குடைகளில் அதுவும் ஒன்றாகிவிடும், மடக்கிப் பிடித்தால்தான் தனியாகத் தெரியும் என்பாள். கையில் குடையை வைத்துக்கொண்டே தொப்பலாக நனைகிற பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மற்ற வழிகாட்டிகள் கல்வெட்டைப் படித்துக் காட்டுவார்கள். கூட்டம் கொட்டாவி விடும். அக்கா வாயைத் திறந்தால் கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பவன்கூட நிமிர்ந்து பார்ப்பான். படம் போட்ட பட்டியலை நீட்டும் ஓட்டலில் உட்காராதீர்கள், மீன் சந்தைக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிடும் கடைக்குப் போங்கள், கடைக்காரர் திட்டினால் அதுதான் சரியான கடை என்பாள். ஆற்றில் படகு சவாரி போக நினைப்பவர்கள் படகோட்டி இளைஞனாக இருந்தால் இறங்கிவிடுங்கள், அவன் பேசிக்கொண்டே போய்ப் பாலத்தில் மோதுவான் என்பாள். காலையில் மணிக்கூண்டு, அப்புறம் பழைய பாலம், மதியம் அருங்காட்சியகம், அதன் பிறகு தொட்டி, கடைசியில் மீன்கடை. பதினோரு வருடமாக இதே வரிசைதான்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதி அவளே அள்ளிவிட்டது. மணிக்கூண்டில் முந்நூற்று அறுபத்தைந்து படிகள், வருடத்தில் நாளுக்கு ஒன்று என்பாள். பாலத்தின் மூன்றாவது விளக்குக்கு அடியில் சண்டை போட்ட தம்பதி யாரும் பிரிந்ததில்லை என்பாள். அதைக் கேட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் அங்கே போய் நின்று, என்ன காரணத்தை வைத்துச் சண்டை போடலாம் என்று யோசிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். ஊர்க்கதையில் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எட்டாம் படிக் கதை என் கண்ணெதிரில்தான் பிறந்தது. தொட்டியின் அடியிலிருந்து கழிமுகம் வரைக்கும் ஒரு பழைய கால்வாய் போகிறது. கடல் ஏறும்போது அதன் வழியாக உள்ளே தண்ணீர் வரும், இறங்கும்போது வடிந்துவிடும். சுவரில் அந்தக் கறை இருக்கிறது. முதல் வருடம் ஒரு சின்னப் பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக் கறையைக் கண்டுவிட்டு, உள்ளே வர மாட்டேன் என்று அழுதாள். அக்கா குனிந்து அவள் காதருகே சொன்னாள்: “கீழ இருந்து எண்ணினா ஏழாம் படிக்கு மேல தண்ணி வந்ததே இல்லடா, இருநூறு வருஷமா. எட்டாம் படியில உக்காந்தா கால்கூட நனையாது.” குழந்தை இறங்கிவிட்டது. மறுநாளே அது எல்லாருக்கும் சொல்லும் கதையாகிவிட்டது.

தொட்டிக்குச் சாவி வைத்திருந்த பெரியவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மலையில் மழை பெய்து, அதே நேரம் கடலும் ஏறினால் தண்ணீர் பாதிப் படிகளைத் தாண்டும், அவருடைய அப்பாவே பார்த்திருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தார். அந்த நேரத்தில் கதவைத்தான் பூட்டிவிடுகிறோமே, உள்ளே யார் உட்கார்ந்துகொண்டு படியை எண்ணப் போகிறார்கள் என்று அக்கா கேட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சாவியை இடுப்பில் செருகினார். 

பூட்டுவதிலும் அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. அன்றன்று கடல் ஏறும் நேரத்தைப் பார்த்து, எத்தனை மணிக்குக் கதவை மூட வேண்டும் என்று சாவிக்காரர் கதவிலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிடுவார். அக்கா முதலில் மேலே ஏறி வாசலில் நின்றுகொள்வாள். வெளியே வருகிறவர்களைக் குடை நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். எண்ணிக்கை பயணிகள் பெயர்த் தாளில் இருப்பதோடு ஒத்துப்போனதும் “சரி” என்பாள். அவர் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திப் பூட்டுவார். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பது கிடையாது. குடைக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. பதினோரு வருடத்தில் அது ஒரு நாள்கூடப் பொய்க்கவில்லை.

அக்காவின் அப்பா நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் சங்கிலியும் நாடாவும் பிடித்து அடுத்தவர் நிலத்தை அளந்தவர். அரை அடி கூடுதலாகச் சொன்னவனை ஆயுசுக்கும் மன்னிக்காத மனிதர். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மகள். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வழியில் யானை பார்த்தேன் என்பாளாம். எந்த இடம், எத்தனை அடி தூரம் என்று இவர் கேட்பாராம். வழிகாட்டி வேலைக்குப் போகிறேன் என்றபோது, தெருவில் நின்று பொய் சொல்லிப் பிழைக்கப் போகிறாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்புறம் பதினோரு வருடம் அப்பாவும் மகளும் முகம் பார்த்துப் பேசவில்லை. இடையில் அம்மா போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவு வீட்டு வாசலிலும் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத்தான் நின்றார்கள்.

போன வருடம் மழைக்காலத் தொடக்கத்தில் அவர் திடீரென்று வந்து ஒரு விடுதியில் இறங்கி, நாளைக்கு உன் பேருந்தில் வருகிறேன் என்று அவளுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அக்கா முந்தின நாள் மாலை தொலைபேசியில் என்னிடம் சொன்னாள். அவள் குரலே சரியில்லை. நாளைக்கு அப்பாவும் பேருந்தில் வருவார், மூட்டுவலி இருக்கிறது, எங்கேயும் இறங்க வேண்டாம், வண்டியிலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்றாள். அப்புறம், “நான் பேசறதப் பாத்துட்டு என்ன சொல்வாரோ தெரியல, பயமா இருக்குடா” என்றாள். ஆயிரம் பேர் முன்னால் வாய் ஓயாமல் பேசுகிறவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையிலிருந்தே வானம் இருட்டிக் கிடந்தது. மலைப்பக்கம் இரண்டு நாளாக மழை என்று செய்தியில் சொன்னார்கள். தாளில் இருபத்தாறு பேர். அப்பா அந்தத் தாளில் இல்லை. வீட்டு ஆளை யாராவது பட்டியலில் எழுதுவார்களா? கறுப்புத் தொப்பியும் தோள்பையுமாக வந்து, கடைசி நீள இருக்கையின் மூலையில் உட்கார்ந்துகொண்டார். மகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதாம்.

மணிக்கூண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு மெதுவாக நடந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகக் கோபுரத்தை மேலும் கீழும் பார்த்தார். உதடு அசைந்தது. ஜன்னல்களின் இடைவெளியை வைத்துப் பார்த்தால் இருநூற்றுப் பத்துப் படிக்கு மேல் இருக்காது, இவள் முந்நூற்று அறுபத்தைந்து என்கிறாளே என்றார். நான் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். உண்மையில் இருநூற்றுப் பன்னிரண்டு. பாலத்தில் அக்கா ஒலிபெருக்கியில் விளக்குக் கதையைச் சொன்னபோது ஒரு கிழட்டுத் தம்பதி நிஜமாகவே சண்டை போடத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. திரும்பிப் பார்த்தேன், இவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கியது. அருங்காட்சியகத்தில் நின்றிருந்தபோது, சின்ன வயதிலும் இப்படித்தான், கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள் என்றார்.

தொட்டிக்கு வந்தபோது மணி மூன்று. கதவில் மூன்றரை என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. அக்கா குடையைத் தூக்கியபடி கூட்டத்தை உள்ளே அழைத்துப் போனாள். எல்லாரும் போன பிறகு அவர் எழுந்து முன்னால் வந்தார்.

“தம்பி, நானும் இறங்கிப் பாத்துட்டு வரேன். ஒரு ஓரமா நின்னு அவ பேசறதக் கேக்கணும். என்னப் பாத்தா அவளுக்குப் பேச்சு வராது. அதனால சொல்லாதீங்க.”

மூட்டுவலி இருக்கிறதே ஐயா என்றேன். இறங்குவது சுலபம்தான், ஏறுவதற்குத்தான் நேரம் ஆகும், கடைசி ஆளாக மெதுவாக வந்துவிடுகிறேன் என்றார். பதினோரு வருட வீம்பு கரைகிறதே, நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று எனக்கு ஒரு பெரிய மனசு. சரி என்றுவிட்டேன். அக்காவிடம் அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

கடைத்தெருவில் பேருந்தை நிறுத்திவைக்கப் போக்குவரத்துக் காவலர் விட மாட்டார். நான் வழக்கம்போல நான்கு தெரு சுற்றிவிட்டு மூன்றரைக்கு வாசலுக்கு வந்தேன். மழையில் எல்லாரும் அடித்துப் பிடித்துப் பின்கதவு வழியாக ஏறினார்கள். அக்கா கடைசியாக முன்கதவில் ஏறி, இருபத்தாறு, போகலாம் என்றாள். நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். கடைசி இருக்கையின் மூலையில் கறுப்புத் தொப்பி தெரிந்தது. கிழவர் கெட்டிக்காரர், யாருக்கும் தெரியாமல் போய் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அக்காவோ அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை என்று நினைத்திருந்தாள். நான் அவர் ஏறிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம்.

மீன்கடையில் எல்லாரும் சுற்றி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் அன்றைக்கும் நன்றாகத் திட்டினார். அக்கா ஒரு காகிதத் தட்டில் பொரித்த மீனும் ரொட்டியும் வாங்கி, முள்ளை அவளே எடுத்துவிட்டு, மழையில் மறைத்தபடி வண்டிக்குக் கொண்டுவந்தாள். அப்பாவுக்கு முள் ஆகாது என்றாள். பின்னால் போனாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். இருக்கையில் நிமிர்த்தி வைத்த தோள்பை இருந்தது. இடம் பிடிப்பதற்காக அதன் மேல் தொப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“அப்பா எங்கடா?”

 அவர் உன் பேச்சைக் கேட்க உள்ளே இறங்கினார் அக்கா என்றேன். அவள் உடனே அவர் எண்ணுக்கு அழைத்தாள். தொப்பிக்கு அடியில், பைக்குள்ளிருந்து மணி அடித்தது. அது அடித்து முடிகிற வரைக்கும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மணி நான்கே முக்கால்.

கூட்டத்தைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினோம். பத்து நிமிடத் தூரம். அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மழையில் சாலை முழுக்க வண்டிகள். ஆற்றைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன், பாலத்தின் தூண்களில் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே நின்றது. அக்கா ஒரு கையால் சாவிக்காரரை அழைத்துக்கொண்டே இருந்தாள். அவர் இருசக்கர வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. இன்னொரு கையால் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அப்பா அங்கதான் உக்காந்திருப்பார்” என்றாள். “நான் சொன்னேன் இல்ல, எட்டாம் படின்னு. மூட்டுவலியோட அதுக்கு மேல எதுக்கு ஏறணும்னு அங்கேயே உக்காந்திருப்பார்.”

கதவு பூட்டிக் கிடந்தது. தட்டினோம், கத்தினோம். மழைச் சத்தத்திலும் கடைத்தெரு இரைச்சலிலும் எங்களுக்கே எங்கள் குரல் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் கடப்பாரையோடு வந்து போராடினார்கள், இரும்பு அசையவில்லை. தீயணைப்பு வண்டி நாங்கள் மாட்டிய அதே நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. அக்கா கதவில் காதை வைத்துக் கேட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று மட்டும் சொன்னாள். சாவிக்காரர் பாதி வழியில் அழைப்பைப் பார்த்துத் திரும்பி வந்து சேர்ந்தபோது மணி ஆறு.  சாவியை வாங்கி நான்தான் திறந்தேன்.

விளக்கைப் போட்டதும் அவர் தெரிந்தார். கீழிருந்து பதினான்காம் படியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவர் நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. நான் இறங்கிப் போய் அவரைத் தூக்கினேன். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது, கால் நீளவே இல்லை. மேலே கொண்டுவந்து கிடத்தியதும் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர் அவளிடம் நேருக்கு நேர் பேசியது அப்போதுதான்.

“பாப்பா, நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் இருட்டுல படிய தப்பா எண்ணிட்டேன். எட்டாம் படின்னு நினைச்சு உக்காந்தேன், கால் நனைஞ்சுது. சரி, இது ஏழாம் படி போலன்னு ஒண்ணு ஏறினேன். அங்கேயும் நனைஞ்சுது. நாப்பது வருஷம் அளந்தவன், ஒவ்வொரு படியா தப்பா எண்ணிட்டே வந்திருக்கேன் பாரு.”

ஒவ்வொரு தடவையும் தண்ணீர் காலைத் தொட்டபோது அவர் தன் கணக்கைச் சந்தேகப்பட்டிருக்கிறார். மகள் சொன்னதைச் சந்தேகப்படவே இல்லை. கத்தினாலும் வெளியே கேட்காத இருட்டில், வலிக்கிற காலோடு, ஒரு படி ஏறி உட்கார்ந்து, இத்தோடு நின்றுவிடும் என்று நம்பிக் காத்திருந்து, மறுபடியும் ஒரு படி. முதலிலேயே நேராகக் கதவு வரைக்கும் ஏறியிருந்தால் ஈரம்கூடப் பட்டிருக்காது. கடைசியில் ஏறவும் காலில் தெம்பில்லை. அக்கா அவர் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. முதல் நான்கு நாள் நன்றாகத்தான் பேசினார். பேசியதெல்லாம் ஊரைப் பற்றித்தான். பக்கத்துக் கட்டிலில் வெளியூர்க்காரர் ஒருவர் படுத்திருந்தார். குணமானதும் எங்கெங்கே போக வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும் என்று அவருக்கு இவர் வழிகாட்டினார். மணிக்கூண்டில் முந்நூற்று அறுபத்தைந்து படி, மெதுவாக ஏறுங்கள் என்றார். மூன்றாவது விளக்குக்கு அடியில் மனைவியோடு சண்டை போடுங்கள் என்றார். அரை அடி பொய்யைப் பொறுக்காத மனிதர், மகள் சொன்னதை ஒரு எண் மாறாமல் ஒப்பித்தார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்தாம் நாள் வெளியூர்க்காரர் அவளிடமே கேட்டுவிட்டார். உங்கள் அப்பா சொல்கிறாரே, தண்ணீர் எட்டாம் படிக்கு வந்ததே இல்லையாமே, நிஜமா என்றார். அப்பா தலையணையிலிருந்து தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். மருத்துவர் அன்று காலைதான் எங்களை வெளியே அழைத்து, நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

“நிஜந்தாங்க” என்றாள் அக்கா. “ஒரு தடவகூட வந்ததில்ல.”

அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வெளியே வந்து நடைகூடத்துச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அவர் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துக் குடையை எடுத்துக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்தாள். மணிக்கூண்டில் இருநூற்றுப் பன்னிரண்டு படி என்றாள். பாலத்தில், இது பாலம் என்றாள். கூட்டம் கொட்டாவி விட்டது. வேறு வழிகாட்டியைப் போடலாமா என்று முதலாளி என்னிடம் கேட்டார், வாயை மூடிக்கொண்டு போங்கள் என்றேன். சாவிக்காரர் இப்போதெல்லாம் கைவிளக்கோடு கடைசித் தூண் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறார்.

தொட்டிக்குள் பதினான்காம் படிக்கு மேலே சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. உட்கார்ந்த ஒருவரின் நெஞ்சு உயரம். அப்பாவின் அளவு நாடாவை வைத்து அளந்து அக்காவே வரைந்தது. படியில் இறங்கும்போது எல்லாரையும் அங்கே நிறுத்தி, தண்ணீர் இதுவரைக்கும் வந்திருக்கிறது என்று சொல்வாள். நம்பாமல் யாராவது ஒருவர், அதை யார் பார்த்தது என்று கேட்பார்.

“எங்கப்பா” என்பாள். பிறகு குடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவாள்.